மடியில் அசையாமல் கிடக்கிற பூனை தத்துக்குத் தயாரா?

(மலேசியாவில் பூனை வளர்ப்பவர்களின் கேள்வி-பதில். எழுதுகிறவர்கள் அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

6 செப்டம்பர் 2025, இரவு 9.40 – செந்தூல் வாசகி

பெண் பூனை, 7 மாதம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் ஃபிளாட் மாடிப்படியில் கிடைத்தது. கருத்தடை, முதல் தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் ஆச்சு. வீட்டுக்கு வந்து 3 வாரம். பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில்தான். நாங்கள் தூங்கிய பிறகு சாப்பிடுகிறது. ஆனால் இழுத்து மடியில் வைத்தால் சீறாது, கடிக்காது, அரை மணி நேரம் அசையாமல் இருக்கும். அப்படியென்றால் சாதுதானே? ஒருவர் தத்து எடுக்க அடுத்த வாரம் வருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

6 செப்டம்பர், இரவு 10.25 – ஜெலுத்தோங்

கொடுக்காதீங்க தங்கச்சி. அது சாது இல்லை, பயத்தில் உறைந்து போயிருக்கிறது. ஓட வழியில்லை, சண்டை போடவும் தெம்பில்லை என்று ஆன பூனை அப்படித்தான் கிடக்கும்.

அடுத்த முறை மடியில் இருக்கும்போது பாருங்க. கண்மணி வெளிச்சத்திலும் அகலமாக இருக்கிறதா, காது பக்கவாட்டில் மடிந்திருக்கிறதா, வால் உடம்போடு ஒட்டியிருக்கிறதா, மூச்சு வேகமாக ஓடுகிறதா. பாதம் பட்ட இடம் ஈரமாக இருந்தால் அதுவும் பயம்தான், பூனைக்கு உள்ளங்காலில் வியர்க்கும். இன்னும் எளிய சோதனை: கையைத் தளர்த்திவிட்டு, மூக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஈரத்தீனி காட்டுங்க. பயம் இல்லாத பூனை மோந்தாவது பார்க்கும். உறைந்த பூனை பார்க்காது, பிடி விட்டதும் கட்டிலுக்கடியில் பாயும்.

தானாக உங்களை நோக்கி எத்தனை அடி வந்தது என்பதுதான் கணக்கு. நீங்கள் எத்தனை நிமிடம் பிடித்து வைத்தீர்கள் என்பது கணக்கில் சேராது. இழுப்பதை இன்றே நிறுத்துங்க. ஒவ்வொரு இழுப்பும் அந்தக் கை ஆபத்து என்று கற்றுக்கொடுக்கிறது.

7 செப்டம்பர், காலை 7.10 – ஜெலுத்தோங்

இடத்தை மாற்ற வேண்டும். கட்டிலுக்கடி என்பது பூனைக்குக் குகை, நமக்குச் சுவர். அங்கே இருக்கிற வரை ஒன்றும் பழக்க முடியாது.

இரண்டு அடுக்குக் கூண்டு ஒன்று, நீளம் 3 அடிக்குக் குறையாமல். ஆள் நடமாட்டம் குறைந்த அறையில், சுவரோரம், வெயில் விழாத இடத்தில். மூன்று பக்கமும் மேலேயும் பழைய பருத்திப் புடவை அல்லது கைலி போட்டு மூடுங்க, முன்பக்கம் திறந்திருக்கட்டும். நம் ஊர் சூட்டுக்குத் தடித்த போர்வை வேண்டாம், உள்ளே வெந்துவிடும். காற்றாடி அறையில் சுற்றட்டும், நேராகக் கூண்டுக்குள் அடிக்க வேண்டாம். மணல் தட்டு கீழே ஒரு மூலை, சாப்பாடும் தண்ணீரும் எதிர் மூலை அல்லது மேல் அடுக்கு.

ஒளிய ஓர் இடம் கட்டாயம். நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளியப் பெட்டி கொடுத்தார்கள், 9க்குக் கொடுக்கவில்லை. பெட்டி இருந்தவை முதல் சில நாட்களிலேயே தணிந்தன. இரண்டு வாரத்தில் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. ஒளிய விட்டால் எப்போதுமே ஒளியும் என்ற பயம் தேவையில்லை.

அந்த ஒளியும் இடத்துக்கு அட்டைப்பெட்டி வாங்காதீங்க, பூனையைத் தூக்கிப்போகிற கேரியர் பெட்டியையே வைங்க. கதவைக் கழற்றிவிட்டு உள்ளே துணி. இதன் பலன் தத்துக் கொடுக்கும் நாளில்தான் தெரியும்.

7 செப்டம்பர், பகல் 1.30 – பட்டர்வொர்த்

கூண்டு தேவையா? 3 வாரம் வீட்டில் சுற்றிய பூனையை மறுபடி அடைத்தால் பின்வாங்காதா? நான் சின்ன அறையில் சும்மா விட்டுத்தான் பழக்குகிறேன்.

7 செப்டம்பர், இரவு 8.15 – ஜெலுத்தோங்

காலியான ஸ்டோர் அறை இருந்தால் அண்ணன் சொல்வது கூண்டைவிட நல்லது. ஆனால் கட்டில், அலமாரி, சலவை இயந்திரம் இருக்கிற அறை சின்ன அறை ஆகாது. சோபாவின் அடித்துணியைக் கிழித்து உள்ளே ஏறிவிடும், ஃபிரிட்ஜ் பின்னால் மோட்டார் சூட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பூனை இருக்கிற இடம் நமக்குத் தெரிய வேண்டும், நாம் தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்ட வேண்டும். இது இரண்டும் இருந்தால் அறை, இல்லையென்றால் கூண்டு.

கூண்டு என்றால் சுமார் இரண்டு வாரம் என்று வைங்க, மாதக்கணக்கில் வேண்டாம்.

8 செப்டம்பர், காலை 6.50 – ஜெலுத்தோங்

நேற்று எழுதிய இரண்டு வாரத்தைத் திருத்துகிறேன். நாள் கணக்கு வைத்தால் தப்பாகும். மூன்று விஷயம் நடந்த பிறகு கதவைத் திறங்க: நீங்கள் அறையில் இருக்கும்போதே சாப்பிட வேண்டும், மணல் தட்டைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும், சாப்பாட்டுச் சத்தம் கேட்டால் முன்னால் வர வேண்டும். இது சில பூனைக்கு 5 நாள், சிலதுக்கு 5 வாரம்.

11 செப்டம்பர், இரவு 9.05 – ஜெலுத்தோங்

இனி சாப்பாட்டைப் பற்றி. இதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

உலர்தீனியை நாள் முழுக்கக் கொட்டி வைத்தால் உங்களிடம் வர அதற்குக் காரணமே இருக்காது. ஒரு நாள் உணவை 4 வேளையாகப் பிரிங்க. கொடுக்கும் முன் எப்போதும் ஒரே சத்தம்: கிண்ணத்தில் கரண்டியால் இரண்டு தட்டு. உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியோ, முள் எடுத்த கெம்போங் மீனோ, டப்பா ஈரத்தீனியோ இருந்தால் போதும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறியும் ஆகாது. பசும்பால் வேண்டாம், வயிறு போகும்.

முதலில் கிண்ணத்தை வைத்துவிட்டு 6 அடி தள்ளி, பக்கவாட்டாகத் தரையில் உட்காருங்க. நேருக்கு நேர் முறைக்க வேண்டாம். கைப்பேசி பாருங்க, மெதுவாக எதையாவது வாசிங்க. மின்னல் எஃப்எம் வானொலி சன்னமாக ஓடினாலும் சரி, மனிதக் குரல் பழகும். உங்கள் முன்னால் ஒரு நிமிடத்துக்குள் சாப்பிட ஆரம்பித்தால், அடுத்த வேளை ஒரு சாண் நெருங்குங்க. தயங்கினால் இரண்டு சாண் பின்னால். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்தப் பின்வாங்கலில்தான். நேற்று வந்ததே, இன்றைக்கு என்ன என்று அதே இடத்தில் உட்கார்ந்து பிடிவாதம் பிடிப்பார்கள்.

கிண்ணம் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்ததும் நீளக் கரண்டிக்கு மாறுங்க. மர அகப்பை நல்லது, பல் பட்டாலும் சத்தம் இல்லை. நுனியில் கூழாக ஈரத்தீனி. நக்கும்போது கை அசையக் கூடாது. சில நாள் கழித்துக் கரண்டியைக் குட்டையாகப் பிடிங்க, பிறகு விரல் நுனியில் தடவிக் கொடுங்க. நக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு விரலால் கன்னத்தில் ஒரே ஒரு தடவல். தலைக்கு மேலே இருந்து கையை இறக்காதீங்க, பருந்து இறங்குகிற மாதிரி தெரியும். கன்னம், தாடை, காதுக்கு முன்னால், அவ்வளவுதான். மூன்று விநாடி தடவி நிறுத்துங்க. அது தலையை நீட்டினால் மறுபடி. நீட்டாவிட்டால் அன்றைக்குப் போதும்.

ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம். நாளுக்கு நான்கு முறை 5 நிமிடம், ஒரே முறை ஒரு மணி நேரத்தைவிடப் பலமடங்கு பலன் தரும். பூனை கிளம்புவதற்கு முன் நீங்கள் கிளம்புங்க.

ஈரத்தீனி நம் வெப்பத்தில் சீக்கிரம் கெடும், அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்க. எறும்புக்கு நம் அம்மாக்கள் சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுதான்: அகலத் தட்டில் தண்ணீர், நடுவில் கிண்ணம். எறும்பு மருந்தைப் பக்கத்தில் கொண்டுவராதீங்க.

12 செப்டம்பர், காலை 8.20 – பட்டர்வொர்த்

இரண்டு நாள் பட்டினி போட்டால் கைக்கு வந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு.

12 செப்டம்பர், காலை 8.45 – ஜெலுத்தோங்

வேண்டவே வேண்டாம். பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் செயலிழக்கும். பருத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். 24 மணி நேரம் எதையும் தொடவில்லையா, டாக்டருக்குப் போன். 48 மணி நேரமா, தூக்கிக்கொண்டு ஓடுங்க. குட்டிகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. நான் சொன்னது வேளைக்கு வேளை இடைவெளி மட்டும். கிட்டே வர மறுத்த வேளைக்கும் முழுச் சாப்பாடு உண்டு, தள்ளி வைத்துவிட்டு வெளியே போய்விடுங்க. பயத்தால் பசியையே விட்டுவிடுகிற பூனைகள் உண்டு, பட்டினி அவற்றிடம் எதையும் சாதிக்காது.

சமையல் தராசில் வாரம் இரண்டு முறை எடை பாருங்க. தராசின் மேல் பெட்டி, அதற்குள் தீனி, தானே ஏறும். குட்டி என்றால் தினமும் 10 கிராமுக்குக் குறையாமல் ஏற வேண்டும்.

14 செப்டம்பர், மாலை 5.30 – செந்தூல் வாசகி

அக்கா, 4 அடியில் உட்கார்ந்தால் சாப்பிடுகிறது! சீறவும் ஆரம்பித்துவிட்டது. முன்னால் சீறவே சீறாது. கெடுத்துவிட்டேனா?

14 செப்டம்பர், இரவு 7.00 – ஜெலுத்தோங்

கெடவில்லை, நல்ல செய்தி. உறைந்திருந்தது, இப்போது பேசுகிறது. சீறல் என்றால் இதற்கு மேல் வராதே என்று சொல்கிறது. நீங்கள் நின்றால், சொன்னதைக் கேட்கிற ஆள் இவர் என்று கற்றுக்கொள்ளும். சீறலை மீறிக் கையை நீட்டினால் அடுத்து நகம்தான். சீறினால் அப்படியே நில்லுங்க, கண்ணை மெதுவாக மூடித் திறங்க, முகத்தைத் திருப்புங்க. இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் 2020இல் இந்தக் கண் சிமிட்டலைச் சோதித்தார்கள். மெதுவாகச் சிமிட்டிய ஆளைப் பார்த்துப் பூனைகளும் அதிகம் சிமிட்டின, அறிமுகமில்லாத ஆளாக இருந்தும் நீட்டிய கையை நோக்கி வந்தன.

14 செப்டம்பர், இரவு 7.40 – ஜெலுத்தோங்

நகம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மூக்கு, காது, பாதத்தில் ஆறாத புண், அல்லது ஆறுவதுபோல் இருந்து மறுபடி வெடிக்கிற புண் இருந்தால் வெறும் சண்டைக் காயம் என்று விடாதீங்க. ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். மலேசியாவில் மனிதருக்கு இது பெரும்பாலும் பூனை நகம், பல் வழியாகத்தான் வருகிறது. கீறல் பட்ட இடத்தில் கட்டி எழும்பி, கை நெடுக வரிசையாக ஏறும். பூனைக்கு இட்ராகொனசோல் மாத்திரை மாதக்கணக்கில் தேவைப்படும். புண் மூடிய பிறகும் டாக்டர் சொல்கிற வரை நிறுத்தக் கூடாது, பெரும்பாலும் இன்னொரு மாதமாவது தொடரும். பாதியில் விட்டால் திரும்பும். அப்படிப்பட்ட பூனையைத் தொட்டுப் பழக்குவதைத் தள்ளிப்போடுங்க. கையுறை, முழுக்கைச் சட்டை, தூரத்தில் கரண்டி, அதுவரை இது போதும்.

படர்தாமரையும் இங்கே சகஜம். வட்டமாக முடி கொட்டினால் டாக்டர் பார்க்கும் வரை மற்ற பூனைகளோடும் சிறு பிள்ளைகளோடும் சேர்க்காதீங்க. எந்தப் புதுப் பூனையும் முதல் 14 நாள் தனியே.

கூண்டு கழுவ: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி குளோரோக்ஸ் (வெளுப்புத் திரவம்), 10 நிமிடம் ஊறவிட்டு, அலசி, காயவைத்து, வாடை போன பிறகு பூனை. டெட்டால் வேண்டாம். அந்த வகை ஃபீனால் மருந்தைப் பூனையின் ஈரலால் சுத்திகரிக்க முடியாது, காலில் பட்டு நக்கினாலே கெடுதல்.

15 செப்டம்பர், காலை 6.30 – ஜெலுத்தோங்

குளோரோக்ஸில் ஒரு படி விட்டுப்போனது. முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்க. அழுக்கின் மேல் ஊற்றினால் கிருமி சாகாது. அதைவிட முக்கியம், சிறுநீர் இருக்கிற தட்டில் நேராக ஊற்றினால் அதிலிருக்கிற அமோனியாவோடு சேர்ந்து நச்சுப்புகை வரும். மூடிய குளியலறையில் இதைச் செய்தால் பூனைக்கு முன் நீங்கள் விழுவீர்கள்.

20 செப்டம்பர், மாலை 6.45 – செந்தூல் வாசகி

டிங்கி கொசுவுக்கு நாளை எங்கள் புளோக்கில் புகை அடிக்கிறார்களாம். ஏதாவது செய்ய வேண்டுமா?

20 செப்டம்பர், மாலை 7.05 – ஜெலுத்தோங்

ஆமாம். புகையில் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருக்கும், பூனைக்கு அது ஆகாது. கூண்டை உள்ளறைக்கு மாற்றி, ஜன்னல் கதவு எல்லாம் சாத்தி, கதவடியில் ஈரத்துணி. சாப்பாடு, தண்ணீர்க் கிண்ணங்களை எடுத்துவிடுங்க. புகை முழுதும் அடங்கிய பிறகு ஜன்னலைத் திறந்து, தரையைத் துடைத்து, அப்புறம் வெளியே. கூண்டை மாற்றுவதால் ஓரிரு சாண் பின்வாங்கும், பரவாயில்லை. புகை அடிக்கிற இயந்திரச் சத்தத்துக்கு அது நடுங்கினால் பக்கத்தில் போய் சமாதானம் சொல்ல வேண்டாம், கேரியருக்குள் இருக்கட்டும்.

இதே காரணத்தால் நாய்க்கு விற்கிற உண்ணி மருந்தைப் பூனைக் கழுத்தில் ஊற்றாதீங்க. அதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும். பனடோலும் (பாரசிட்டமால்) அப்படித்தான், கால் மாத்திரைகூடக் கூடாது.

28 செப்டம்பர், காலை 10.15 – ஜெலுத்தோங்

கன்னத்தைத் தடவ விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இனி வீட்டுச் சத்தம். தத்து எடுக்கப் போகிறவர் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடிக்கும், மிக்ஸி ஓடும், பிள்ளைகள் கத்தும். அமைதியான அறையில் மட்டும் பழகிய பூனை அங்கே போய் முதல் விசிலில் அலமாரிக்குப் பின்னால் போய்விடும். கைப்பேசியில் இந்தச் சத்தங்களைப் பதிவு செய்து, சாப்பிடும்போது மட்டும், காது கொடுத்தால்தான் கேட்கும் அளவில் ஓடவிடுங்க. சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைங்க. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்க.

ஆட்களும் வேண்டும். ஒரே ஆளிடம் பழகிய பூனைக்கு உலகத்தில் ஒரே நல்ல மனிதர்தான். வாரம் இரண்டு பேர், அதில் ஓர் ஆண் குரல் கட்டாயம், வந்து கரண்டியால் ஊட்டிவிட்டுப் போகட்டும். நாலாவது ஆள் வரும்போது பூனையின் பயம் குறைந்திருக்கும்.

தூக்கிப் பழக்க அவசரம் வேண்டாம். தூக்க விடாத பூனையும் நல்ல வீட்டுப் பூனையாக இருக்கும்.

5 அக்டோபர், இரவு 8.30 – பட்டர்வொர்த்

தீபாவளி 20ஆம் தேதி. லீவு நாள் என்று எடுத்துப்போக ஆள் கேட்பார்கள், கொடுக்காதீங்க. ஒரு வாரம் முன்னும் பின்னும் வெடிச்சத்தம். பினாங்கில் சீனப் பெருநாள் முதல் நாளைவிட எட்டாம் நாள் இரவு மோசம், ஒன்பதாம் நாள் பிறக்கிற நடுநிசியில் ஹொக்கியன் சீனக் குடும்பங்கள் வெடிக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இரைச்சல்தான்.

5 அக்டோபர், இரவு 9.00 – ஜெலுத்தோங்

முழுக்கச் சரி. இப்போது மாலை இடியும் சேர்ந்திருக்கிறது. அந்த வாரம் பழக்கும் பாடம் எதுவும் வேண்டாம், கூண்டுத் துணியை முன்பக்கமும் இறக்கிவிடுங்க, இறுக மூடிய ஜன்னல் போதும்.

26 அக்டோபர், பகல் 12.10 – ஜெலுத்தோங்

விளம்பரம் எழுதும் முறை. "ரொம்பப் பாசமான பூனை" என்று எழுதினால் மடியில் உட்காரும் பூனை தேடுகிறவர் வருவார், பத்தே நாளில் திருப்பிக் கொடுப்பார். திரும்பி வந்த பூனையை மறுபடி பழக்க முதல் முறையைவிட அதிக நாள் ஆகும். அது செய்வதையும் செய்யாததையும் அப்படியே எழுதுங்க: கரண்டியில் சாப்பிடும், கன்னம் தடவ விடும், இறகுக் குச்சிக்கு ஓடிவரும், தூக்க விடாது, புது ஆள் வந்தால் ஒரு மணி நேரம் ஒளியும். படம் பூனையின் கண் மட்டத்தில், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். கூண்டுக் கம்பி தெரியாதபடி.

கேட்க வேண்டியவை: சொந்த வீடா வாடகையா, வீட்டுக்காரர் சம்மதம் உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார், ஜன்னலுக்கு வலை உண்டா. கம்பி கிரில் இருக்கிறது என்பது பதில் ஆகாது. தலை நுழைகிற இடைவெளியில் பூனை நுழையும், 12ஆவது மாடியிலிருந்து விழும். கிரில்லின் உட்பக்கம் ஓர் அங்குலத்துக்குக் குறைந்த கண்ணுள்ள வலை, ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை. படம் அனுப்பச் சொல்லுங்க.

அடுக்குமாடிகளில் மேனேஜ்மென்ட் தடுக்குமா என்று கேட்பார்கள். 2015ஆம் ஆண்டு ஸ்திராட்டா (அடுக்குமாடி) மேலாண்மை விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணை, 14ஆவது விதி சொல்வது, மற்ற வீட்டாருக்குத் தொந்தரவோ ஆபத்தோ தரும் விலங்கை வைக்கக் கூடாது என்று. அதற்கு மேல் அந்தக் கட்டடத்துக்கென்று கூடுதல் விதி இருக்கலாம். எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

26 அக்டோபர், பகல் 12.50 – செந்தூல் வாசகி

ஒருவர் படம் பார்த்துவிட்டு வால் உடைந்திருக்கிறது, அடிபட்ட பூனை வேண்டாம் என்கிறார்.

26 அக்டோபர், பகல் 1.05 – பட்டர்வொர்த்

பிறவி வால். நம் பக்கத்துப் பூனைகளில் பாதி இப்படித்தான், முடிச்சு விழுந்ததும் குட்டையும். மலாய்த் தீவுகளின் பூனை வாலைப் பற்றி டார்வினே எழுதியிருக்கிறார். தடவினால் வலி காட்டாது என்று சொல்லிவிடுங்க.

2 நவம்பர், இரவு 9.20 – ஜெலுத்தோங்

வருகிறவர் இரண்டு மூன்று முறை வரட்டும், ஒவ்வொன்றும் அரை மணி. தரையில் உட்கார்ந்து, கரண்டி அவர் கையில். தூக்கிக் காட்டாதீங்க, பூனையின் நம்பிக்கையை அடகு வைக்கிற வேலை அது. வெளியே வரவே இல்லை என்றாலும் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்பவர்தான் சரியான ஆள்.

கொடுக்கும் நாளுக்கு 5 நாள் முன்பு கேரியரின் கதவை மாட்டுங்க. கேரியருக்குள் சாப்பாடு, கதவை ஒரு விநாடி சாத்தித் திற, பிறகு பத்து விநாடி, பிறகு தூக்கி ஒரு சுற்று. முதல் நாளே கேரியரைக் கொடுத்ததற்குப் பலன் இதுதான், யாரும் துரத்த வேண்டியதில்லை. அப்படியும் பதறுகிற பூனைக்கு டாக்டரிடம் பதற்றம் தணிக்கிற கபபென்டின் மருந்து கேளுங்க, அளவு அவர் சொல்லட்டும். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கொடுப்பது வழக்கம். முன்னதாக ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்க, சிலது தள்ளாடும்.

கூடவே போக வேண்டியது: அதே மணல் ஒரு வாரத்துக்கு, அதே தீனி, அதே கிண்ணமும் கரண்டியும், துவைக்காத படுக்கைத் துணி. அந்தக் கரண்டித் தட்டலையும் சொல்லிக்கொடுங்க. அங்கே முதலில் ஒரே அறை, நீங்கள் செய்ததையே 6 அடியிலிருந்து மறுபடி. இங்கே 8 வாரம் ஆனது அங்கே 2 வாரத்தில் வரும், பாதை அதற்குத் தெரியும்.

2 நவம்பர், இரவு 9.50 – பட்டர்வொர்த்

கேரியரை அறைக்குள் வைத்து, அறைக்கதவைச் சாத்திய பிறகே திறக்க வேண்டும் என்று அடிக்கோடிட்டுச் சொல்லுங்க. ஓடிப்போவது பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிடத்தில். ஓடிவிட்டால் தெருத்தெருவாகத் தேட வேண்டாம். பயந்த பூனை ஓடிய கதவுக்குப் பக்கத்திலேயே வாய் திறக்காமல் பதுங்கும். மாடிப்படியடி, மீட்டர் அறை, நிறுத்திய கார்களின் அடி. நடுநிசிக்குப் பிறகு, கைவிளக்கோடு, அந்தக் கரண்டியைத் தட்டிக்கொண்டு.

9 நவம்பர், காலை 8.05 – செந்தூல் வாசகி

நேற்று செத்தாபாக்கில் தத்து எடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. கேரியருக்குள் தானாகவே நுழைந்தது. ராத்திரி சாப்பிடவில்லை, காலையில் கிண்ணம் காலி என்று படம் அனுப்பியிருக்கிறார். நான் போய்ப் பார்க்கலாமா அக்கா?

9 நவம்பர், காலை 8.20 – ஜெலுத்தோங்

மூன்று வாரம் போகட்டும். உங்கள் வாசனை இப்போது அங்கே வந்தால் மறுபடி வாசலைப் பார்த்து உட்காரும். தினமும் சாப்பிட்டதா, மணல் தட்டு நனைந்ததா, இந்த இரண்டை மட்டும் அவரிடம் கேளுங்க. கூண்டை வெயிலில் காயப்போடுங்க.